ஆடி மாதத்தில் பெண் பார்க்க வந்தவள்

நம் ஓய்வூதியர் மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தவர்கள், "உங்களுக்கு ஊக்கம் தந்த ஒருவரைப் பற்றி எழுதுங்கள்" என்று தலைப்பையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். உங்களில் பாதிப் பேர் தலைவர்களைப் பற்றி எழுதுவீர்கள், மீதிப் பேர் தகப்பனாரைப் பற்றி எழுதுவீர்கள். நான் எழுதப் போவது, பன்னிரண்டு வயதில் நான் வேவு பார்த்த ஒருத்தியைப் பற்றி.

என் குணம் உங்களுக்குத் தெரியாததில்லை. தாலுகா ஆபீசில் சான்றிதழ்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பார்த்தே கண்ணாடி போட்டவள் நான். செல்போனில் தெரியாத குரல் "நல்லா இருக்கீங்களா அம்மா" என்று கேட்டால் உடனே வைத்துவிடுவேன். முன்பின் தெரியாதவனுக்கு என் நலத்தில் என்ன அக்கறை?

அப்படிப்பட்ட என் வீட்டு வாசலுக்கு, காரைக்குடியில், போன மாதம் ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். இருபத்தொரு வயது இருக்கலாம். ஹெல்மெட்டைக் கழற்றி, "அம்மா, இந்தப் பக்கம் பத்தாவதோட படிப்ப நிறுத்துன பொம்பளப் புள்ளைக யாராச்சும் இருக்காங்களா?" என்றாள். கேட்டைத் திறக்காமலே அடையாள அட்டையைக் கேட்டேன். அதில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். அதுவும் அவள் ஆளாகத்தானே இருக்கும் என்று தோன்ற, அவள் படித்ததாகச் சொன்ன கல்லூரியில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கும் போட்டேன். இருபது நிமிடம் வெயிலில் நின்றாள். முகம் சுளிக்கவில்லை.

"இப்பிடி விசாரிக்கிறது நல்லதுதாம்மா. ஆளத் தெரியாம உள்ள விட்டா நீங்கதான ஏமாறுவீக" என்று சிரித்தாள்.

அதே மாதிரி வெயிலில், அதே மாதிரி பொறுமையாக, எங்கள் வாசலில் முன்பு ஒருத்தி நின்றிருக்கிறாள்.

எங்கள் ஊர் ஒக்கூருக்குத் தெற்கே, கண்மாய்க்கரையை ஒட்டிய சின்ன ஊர். எட்டாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். அதற்கு மேல் பையன்கள் சைக்கிளில் போவார்கள். பெண்பிள்ளைகளுக்குச் சடங்கு சுற்றி, தாய்மாமன் சீர் வந்து இறங்கியதும் சிலேட்டும் பையும் பரணுக்கு ஏறிவிடும். எங்கள் அக்காவின் பையும் அந்த வருஷம் ஏறியிருந்தது. அக்கா எட்டாவதில் முதல் மார்க். நான் ஏழாவது. அக்கா தினமும் பரணைப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவாள்.

ஆடிக்காற்று தொடங்கியிருந்த சமயம். ஊருக்குள் ஒரு பெண் சைக்கிளில் வந்தாள். பெண்பிள்ளை சைக்கிள் ஓட்டி நாங்கள் பார்த்ததே இல்லை. பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்கப் பச்சையும் சிவப்புமாக நூல்வலை கட்டியிருந்தது. கைப்பிடியில் ஒரு கறுப்பு ரெக்சின் பை. முந்தானையை ஊசி குத்தி இறுக்கியிருந்தாள். வீடு வீடாக நின்று, "வயசுக்கு வந்த பொண்ணுக இருக்காங்களா?" என்று கேட்டாள்.

கேட்டதுதான் தாமதம், ஊர் கூடிவிட்டது. பிள்ளை பிடிக்கிறவள் என்று முதலில் சொன்னார்கள். அந்த நூல்வலை எதற்கு என்று நானும் பயந்தேன். அப்புறம், குடும்பக்கட்டுப்பாட்டுக்கு ஆள் எழுதுகிறவள் என்று ஒரு பேச்சு கிளம்பி, இரண்டு வீட்டு ஆண்கள் அவள் சைக்கிள் மணி கேட்டாலே கொல்லைப்பக்கமாக ஓடினார்கள். அவளுக்குச் 'சைக்கிள்காரி' என்று பெயர் விழுந்தது. நான் அவள் பின்னாலேயே அலைந்தேன். வைக்கோல்போருக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் கேட்கிற கேள்விகளை ஒன்றுவிடாமல் காதில் வாங்கினேன்.

பெண்ணுக்குப் பிறந்த தேதி என்ன? பெரிய மனுஷியாகி எத்தனை மாதம் ஆகிறது? சொந்தத்தில் கல்யாணப் பேச்சு ஏதும் இருக்கிறதா? உடம்புக்கு ஒன்றும் இல்லையே? எழுதப் படிக்க நன்றாக வருமா, கையெழுத்து எப்படி? எதற்கு என்று கேட்டவர்களிடம், "எடம் கொஞ்சந்தான் இருக்கு, எல்லாரையும் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

நீங்களே சொல்லுங்கள், நம் பக்கத்தில் இந்தக் கேள்விகளை யார் கேட்பார்கள்? எனக்கு மண்டைக்குள் மணி அடித்தது. அன்று சாயங்காலம் ஆத்தாவும் எதிர்வீட்டு அயித்தையும் கடலை உரித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், இடுப்பில் கைவைத்துச் சொன்னேன்.

"அது பொண்ணு பாக்க வந்திருக்கு. யாரோ பெரிய எடத்துக்கு."

"அடியாத்தி, ஆடி மாசத்துல எவடி பொண்ணு பாப்பா?" என்றாள் அயித்தை.

நான் விடவில்லை. "அதான் அயித்தை சங்கதி. ஆடியில சொல்லாமப் பாத்துவச்சுக்கிட்டு, ஆவணி பொறந்ததும் தட்டோட வருவாக. பொறந்த தேதி கேட்டுச்சு. சொந்தத்துல பேச்சு இருக்கான்னு கேட்டுச்சு. கையெழுத்து வேற கேக்குது. மாப்புள மலேயாவுல இருப்பாரு, காயிதம் எழுதணும்ல."

ஆத்தாவின் கையில் இருந்த கடலை கீழே விழுந்தது. மலேயாவுக்குப் போய்க் கடை வைத்துப் பெரிய ஆளாகிவிட்ட எங்கள் ஆட்கள் இரண்டு மூன்று குடும்பம் உண்டு. அந்த வீடுகளில் எதுவோ ஒன்று என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவே கட்டிவிட்டார்கள். மறுநாள் காலையில் ஊர் முழுக்க அதே பேச்சு. முன்தினம் பெண்களை உள்ளே ஒளித்துவைத்தவர்கள் இப்போது தலைக்கு எண்ணெய் வைத்துப் பூச்சூட்டி வாசலில் உட்கார வைத்தார்கள். சைக்கிள்காரிக்குப் போன இடமெல்லாம் காபியும் சீடையும். பாவம், திகைத்துப்போய் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பாள். என் வாழ்நாளில் முதல்முறையாகப் பெரியவர்கள் என்னை உட்காரவைத்து, "அப்புறம் என்னடி சொன்னா?" என்று கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்காதான் அழுதாள். மாட்டுக்கொட்டடியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குக் கல்யாணம் வேணாம்டி. வாத்தியாரு நம்ம அய்யாகிட்டப் பேசிப் பாக்குறேன்னு சொல்லியிருக்காரு. ஒம்பதாவது போகணும்டி நான். நாளைக்கு நம்ம வீட்டுக்கு வாராகளாம். என்னத்தடி செய்ய?"

நான் யோசித்தேன். யோசித்தேன் என்று பெருமையாகச் சொல்கிறேன், ஒரு நொடிதான். "அக்கா, அவுகளுக்குப் படிச்ச பொண்ணுதான் வேணும். நீ படிக்கத் தெரியாதவ மாதிரி வாசி. வேணாம்னுட்டுப் போயிருவாக."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த நம்பிக்கையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்காது.

மறுநாள் காலையில் சைக்கிள்காரி கண்மாய்க்கரைப் பிள்ளையார் கோயில் பக்கம் சைக்கிளை நிறுத்திவிட்டு முகம் கழுவ இறங்கினாள். ரெக்சின் பை கைப்பிடியில் தொங்கியது. நான் மெதுவாகப் போய் அதைத் திறந்தேன். பழைய ரெக்சின் வாடையும் புதுப் புத்தக வாடையும் கலந்து வந்தது. உள்ளே ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்கள், நான்கு. பக்கங்கள்கூட இன்னும் பிரியவில்லை. அடியில் அச்சடித்த தாள்கள். ஏழாவது படிக்கிறவளுக்கு வாசிக்கத் தெரியாதா? 'மாணவியர் விடுதி, சிவகங்கை. சேர்க்கை விண்ணப்பம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

எனக்குத் தெரிந்துவிட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு ஓடினால் ஐந்து நிமிடம். ஓடவில்லை. பையை மூடினேன். 'இதெல்லாம் வேஷம், ஆளை ஏமாற்ற வைத்திருக்கிறாள்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தேகப்படுகிறவர்களுக்கு இது ஒரு வசதி. கண்ணால் பார்த்ததையும் சந்தேகப்படலாம். ஆனால் உண்மைக் காரணம் அது இல்லை. ஊரே என் பேச்சைக் கேட்டுக் கோலம் போட்டிருக்கிறது. இப்போது போய், "நான் சொன்னது தப்பு" என்று எப்படிச் சொல்வேன்?

எங்கள் வாசலில் பதினைந்து பேர் நின்றார்கள். அக்காவுக்கு ஆத்தாவின் அரக்குப் பட்டு. சைக்கிள்காரி அதைப் பார்த்துக் கொஞ்சம் மிரண்டாள்.

"என் மக எட்டாவது. கணீர்னு வாசிப்பா" என்றாள் ஆத்தா, மலேயா மாப்பிள்ளையே முன்னால் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

சைக்கிள்காரி ஒரு செய்தித்தாளை மடித்து நீட்டினாள். "பயப்படாம வாசிம்மா."

அக்கா வாங்கினாள். ஒரு தடவை என்னைப் பார்த்தாள். அப்புறம் ஆரம்பித்தாள். "வி... விவ... சாய... யி..." எழுத்தெழுத்தாகக் கல்லில் தடுக்கி விழுகிறவள் மாதிரி வாசித்தாள். 'மழை' என்பதை 'மலை' என்றாள். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆத்தாவின் முகம் செத்துவிட்டது. எங்கள் தகப்பனார், அய்யா, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சைக்கிள்காரி நோட்டில் ஏதோ எழுதினாள். அவள் முகத்தில் ஏமாற்றம் இருந்தது. நான் சத்தியமாகப் பார்த்தேன்.

அக்கா கொட்டடிக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "தப்பிச்சேன்டி" என்றாள்.

அன்றே ஊரில், எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டார்கள் என்ற பேச்சு. எதிர்வீட்டுப் பெண்ணைப் பிடித்துவிட்டது, இரண்டாந்தடவையும் போய்ப் பேசியிருக்கிறாள் என்ற பேச்சு. அந்தப் பெண் எட்டாவதைத் தட்டுத்தடுமாறித் தாண்டியவள். அயித்தை வாயையே திறக்கவில்லை. சொன்னால் கண் பட்டுவிடுமாம்.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் சைக்கிள்காரி மறுபடி எங்கள் வாசலுக்கு வந்தாள். அய்யா வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அய்யா, ஒங்க மகதான் பள்ளிக்கூடத்துலயே முதல் மார்க்காமே. வாத்தியாரு சொன்னாரு. அன்னைக்கு ஏன் அப்பிடி வாசிச்சாங்கன்னு தெரியல. விடுதியில இன்னும் ஒரு எடம் இருக்கு. நாளைக்குள்ள பேரு குடுக்கணும். செலவு ஒண்ணும் இல்ல. ஒம்பதாவது சேத்துவிடுறேன்."

"பள்ளிக்கூடமா? வந்து பாத்தீக, வேணாம்னுட்டுப் போனீக, ஊரு சிரிச்சிருச்சு. இப்ப எதுக்குப் பள்ளிக்கூடம்னு கதை விடுறீக? என் மகள எங்குட்டுக் கொண்டுபோகப் பாக்குறீக?"

"என்னையும் எட்டாவதோட நிறுத்துனாங்க அய்யா. நாலு நாள் சாப்பிடாமக் கெடந்துதான் படிச்சேன். அதனாலதான் இப்பிடி வெயில்ல அலையிறேன். பள்ளிக்கூடத்தத் தவிர நான் எதுக்கும் வரல."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினாள். கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் கை வெளியே வந்தது. வளையல் போட்ட கை, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

"உள்ள போ" என்றார் அய்யா. கை உள்ளே போய்விட்டது.

அப்புறம் அவர் என் பக்கம் திரும்பினார். "நீதான வேவு பாத்தவ. இவுக பின்னாலயே திரிஞ்சியே, சொல்லு. நெசமாவே பள்ளிக்கூடத்து ஆளா?"

சைக்கிள்காரி என்னைப் பார்த்தாள். வேர்வை கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. அந்த நான்கு புத்தகங்களையும் அச்சடித்த தாளையும் நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் முதுகுத்தோல் உரியும். அதைவிட, ஊரெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

"தெரியாது அய்யா" என்றேன்.

அவர் வாத்தியாரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஊர் சிரித்த பிறகு விசாரித்துக்கொண்டு திரிவது அவருக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. எனக்கும் அதே கௌரவம்தான் குறுக்கே நின்றது என்பது இப்போது புரிகிறது. சைக்கிள்காரி இன்னும் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றுவிட்டுப் போனாள். சைக்கிளை ஏறாமல் தள்ளிக்கொண்டே போனாள்.

நான்கு நாள் கழித்து எதிர்வீட்டுப் பெண் நீலத் தகரப்பெட்டியோடு சிவகங்கை பஸ் ஏறினாள். அன்றைக்குத்தான் ஊருக்கு உண்மை தெரிந்தது. அக்கா வாசலுக்கு வந்து அந்தப் பெட்டி கண்ணுக்கு மறையும் வரைக்கும் பார்த்தாள். என்னைத் திட்டவில்லை. "நமக்குத் தெரியாமப் போச்சே" என்று மட்டும் சொன்னாள். நமக்கு என்றாள். நான் தலையாட்டினேன்.

வாசிக்கத் தெரியாத பெண் என்று ஊர் பேசப் பேச, அய்யாவுக்குப் பொறுக்கவில்லை. தை மாதமே திருக்கோஷ்டியூர்ப் பக்கம் சொந்தத்தில் கொடுத்துவிட்டார். அக்காவுக்குப் பதினைந்து முடியவில்லை.

சைக்கிள்காரி ஒவ்வொரு ஆடிக்கும் வந்தாள். இரண்டு வருஷம் கழித்து, என் முறை வந்தபோது, அவள் செய்தித்தாளை எடுப்பதற்கு முன்பே நான் அவள் கையிலிருந்த தாளைப் பறித்துத் தெருவே கேட்கிற மாதிரி வாசித்தேன். அய்யா கையெழுத்துப் போட்டார். நான் தாலுகா ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததும், இன்றைக்கு ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு உங்களோடு வம்பளப்பதும் அந்தப் பெண்ணால்தான். ஊர் அவளை என்னவெல்லாமோ சொன்னது. ஒரு வருஷம் சைக்கிளின் நூல்வலையை யாரோ அறுத்துக்கூட விட்டார்கள். அடுத்த வாரமே வேறு வலை கட்டிக்கொண்டு வந்தாள். அவளிடம் ஒரு நாளாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இப்போது அவள் எங்கே இருக்கிறாளோ தெரியாது.

இதெல்லாம் அந்த ஸ்கூட்டர் பெண்ணிடம் சொல்லவில்லை. கேட்டைத் திறந்தேன். தண்ணீர் கொடுத்தேன். "திருக்கோஷ்டியூர்ப் பக்கம் ஒரு புள்ள இருக்கு, வாரியா?" என்று கேட்டு, ஆட்டோ பிடித்து நான் முன்னால் போக, அவள் பின்னால் வந்தாள். அக்காவின் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவன் பெண்ணுக்குப் பத்தாவது முடிந்ததும், அதுபோதும் என்று போனில் சொல்லிவிட்டான். பிள்ளை ஒரு மாதமாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது.

அக்கா வாசலில் நின்று அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கிட்டு இருந்து வாரீக?" என்றாள். அந்தப் பெண் விவரம் சொல்லி, பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைத் தாளை எடுத்தாள். தகப்பன் ஊரில் இல்லாததால் பாதுகாவலர் கையெழுத்து வேண்டும் என்றாள்.

"நான் வாசிச்சுக் காட்டவாம்மா?"

"குடு" என்றாள் அக்கா. கை நீண்டது. நரம்பு புடைத்து, வளையல் தளர்ந்த கை.

அக்கா வாசித்தாள். முதல் வரியிலிருந்து, சத்தமாக, ஒரு இடத்தில்கூடத் தட்டாமல். கணவர்மார் கடல்கடந்து போன அந்தத் தெருவுக்கே வருஷக்கணக்காகக் கடிதம் வாசித்துக் கொடுத்த குரல் அது. விதிமுறைகளை வாசித்தாள், அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்துப் பெயர் வரைக்கும் வாசித்தாள். உள்ளேயிருந்து பேத்தி வந்து நிலையில் சாய்ந்து நின்று கேட்டது.

"அழகா வாசிக்கிறீகம்மா. எதுவரைக்கும் படிச்சீக?" என்றாள் அந்தப் பெண்.

"எட்டாவது. முன்ன ஒருத்தி இப்பிடித்தான் ஒரு தாளக் குடுத்தா. அன்னைக்குச் சரியா வாசிக்கல." அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "மகன் போன் பண்ணுனா நான் பேசிக்கிறேன். நீ பைய எடுத்து வையி தாயி" என்று பேத்தியிடம் சொன்னாள்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. குழாயடிக்குப் போய் முகம் கழுவுகிற சாக்கில் அழுதேன்.

கண்மாய்க்கரையில் நான் திறந்து பார்த்த பையைப் பற்றி அக்காவிடம் அன்றும் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேருமே ஏமாந்துபோனோம் என்றுதான் அவள் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் யாரும் அவளிடம் போய்ச் சொல்ல வேண்டாம். மலர் வந்ததும் முதல் பிரதியை அவளுக்குத்தான் அனுப்பப் போகிறேன். அவளுக்கு வாசிக்கத் தெரியும்.